அண்ணன் ஏற்றுக்கொண்ட நான்காவது அரிவாள்

அண்ணனின் இந்த நினைவு மலரில் எழுதத் தகுதியானவர்கள் எங்கள் குடும்பத்திலேயே பலர் இருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடினால் அடுப்படிப் பக்கம் ஒதுங்கிவிடுகிறவள். அண்ணி இரண்டு முறை கேட்டும் முடியாது என்றேன். ஆனால் அண்ணனைப் பற்றி ஊரில் சொல்லும் ஒரு பேச்சு பொய் என்பதைச் சொல்ல நான் மட்டும்தான் இருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது மதுராந்தகத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். அப்பா பிழைப்புக்காக எங்களைச் சேலையூர்ப் பக்கம் அழைத்துவந்து கொல்லுப் பட்டறை போட்டார். அப்பா தொழில் சொல்லிக்கொடுத்த விதம் கடுமையானது. இரும்பு வளைந்துபோனால் சூடான குறடு அண்ணனின் முழங்கையில் விழும். அந்தத் தழும்புகளை மறைக்க அண்ணன் கடைசிவரை முழுக்கைச் சட்டைதான் போட்டார். அப்பா இறந்தபோது அண்ணனுக்கு வயது பத்தொன்பது. பட்டறையும் குடும்பமும் அவர் தலையில் விழுந்தன.

முப்பது வயதில் இரும்புச் சிதறல் தெறித்து அண்ணனின் வலது கண் போனது. இடது கண்ணும் மங்கியது. ஆள் தெரியும், வழி தெரியும், சம்மட்டி அடி தப்பாது. நிறம் மட்டும் தெரியாது. கொல்லருக்கு நிறம் தெரியாவிட்டால் தோய்ச்சல் போட முடியாது.

தோய்ச்சல் என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். அடித்து முடித்த அரிவாளைப் பழுக்கக் காய்ச்சி, அதன் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, மட்டும் தண்ணீரில் அமுக்கி உடனே எடுக்க வேண்டும். கல்லால் தேய்த்தால் முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி இறங்கும். வைக்கோல் நிறம் வரும், பிறகு கத்திரிப்பூ நிறம் வரும். எலும்பு வெட்டும் கத்திக்குக் கத்திரிப்பூ நிறத்தில் முழுவதும் அமுக்க வேண்டும். எடுக்காமல் ஒரேயடியாக அமுக்கிவிட்டால் அரிவாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பார்க்க நன்றாக இருக்கும். எலும்பில் பட்டால் உடையும்.

அப்போது நான் கணவர் வீட்டில் வாழாமல் திரும்பி வந்திருந்தேன். அண்ணன் என்னைத் தண்ணீர்த் தொட்டி அருகில் நிற்கவைத்தார். ஒரு நிறம் தப்பினால் பின்னந்தலையில் ஓர் அடி. கல்யாணமாகித் திரும்பி வந்தவள் என்றெல்லாம் பார்க்க மாட்டார். ஒருமுறை இடது காது இரண்டு நாள் கேட்கவில்லை. அன்று ராத்திரி அண்ணனும் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார். ஒரு வருடத்தில் நான் நினைக்காமலே என் கை சரியான நேரத்தில் எடுத்தது, சரியான நேரத்தில் அமுக்கியது. அண்ணன் பக்குவம் சொல்ல நான் அமுக்குகிறேன் என்றுதான் வெளியாட்களுக்கு எண்ணம். நாங்களும் சொல்லிக்கொள்ளவில்லை.

என்ன வெட்ட என்று கேட்காமல் அண்ணன் இரும்பை உலையில் வைத்ததே இல்லை. புல்லுக்கு ஒரு தோய்ச்சல், தேங்காய்க்கு ஒன்று, கறிக்கடைக்கு ஒன்று. கேளம்பாக்கத்தில் இளநீர் விற்கிறவர்கள்கூடத் தேடி வருவார்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பெரும்பாக்கம் பக்கம் வயல்களில் மனைக்கல் நட ஆரம்பித்திருந்தார்கள். எங்களிடம் கதிர் அரிவாள் வாங்கும் ஏழுமலை அண்ணன் மட்டும் தன் நிலத்தைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றார். ஒரு மத்தியானம் இரண்டு பைக்கில் நாலு பேர் பழைய லாரி வில் பட்டைகளோடு பட்டறைக்கு வந்தார்கள்.

"ஆச்சாரி, நாலு பீஸ். நீட்டா இருக்கணும். சாய்ங்காலம் வேணும்."

"இன்னா வெட்ட?" என்றார் அண்ணன்.

"வாழத்தாரு."

"வாழத்தாருக்கு இவ்ளோ நீட்டு எதுக்குப்பா?"

"தோட்டம் பெர்சு ஆச்சாரி" என்று ஒருவன் சிரித்தான். இன்னொருவன் அண்ணன் கன்னத்தில் அறைந்தான். அறைந்த கையோடு, பள்ளிக்கூடம் விட்டு வந்து நின்ற அண்ணன் மகள் கோமதியைப் பார்த்து, "உன் பொண்ணா? எத்தினாவது படிக்குது?" என்று கேட்டான்.

அண்ணன் உலையை மூட்டச் சொன்னார். கரி அள்ளுகிற சாக்கில் குனிந்து என் காதருகே சொன்னார்: "ஒருதரம் அமுக்குனா எடுக்காத. நாலும் ஒடையணும்."

அண்ணன் அடித்தார். நான் அமுக்கினேன். முதல் மூன்றையும் சொன்னபடியே எடுக்காமல் அமுக்கினேன். நான்காவதுக்கு அந்த அறைந்தவன் பக்கத்தில் வந்து குனிந்தான். "நல்லா தோச்சிக் குடுக்கா. எங்க பேரு கெட்டுறப் போவுது" என்றான். என் கவனம் அவன் பக்கம் போனது. கை தானாக அரிவாளை வெளியே எடுத்தது. கல்லால் தேய்த்தது. கத்திரிப்பூ நிறம் ஓடிவந்தது. அமுக்கிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது.

அண்ணா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுபடி காய்ச்சியிருப்பார். அத்தனை ஆண்கள் நின்ற இடத்தில் எனக்கு வாய் வரவில்லை. நாலையும் கட்டி எடுத்துப் போனார்கள்.

மூன்றாம் நாள் காலை ஏழுமலை அண்ணனை அவர் மோட்டார் கொட்டகை வாசலில் மடக்கினார்கள். ஓர் அரிவாள் அவர் தோள்பட்டையில் உடைந்தது. ஒன்று அவர் தூக்கிய கடப்பாரையில் உடைந்தது. ஒன்று இரும்புக் குழாயில் பட்டு இரண்டாகப் போனது. உடையாத ஒன்று அவர் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டது. உயிர் தப்பினார்.

அன்று சாயங்காலம் அவர்கள் பட்டறைக்கு வந்தார்கள். சட்டையில் ரத்தக் கறை அப்படியே இருந்தது.

"மூணு ஒடஞ்சிச்சி, ஒண்ணு ஒடையல. தோச்சலுக்குப் பக்குவம் சொன்னது யாரு?"

நான் தொட்டியருகில்தான் நின்றிருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான்."

"உனக்குத்தான் கண்ணே தெரியாதாமே?"

"அதான் தப்பிடுச்சி."

அண்ணன் கையை, இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக் கல்லில் வைத்து, எங்கள் சம்மட்டியாலேயே இரண்டு அடி அடித்தார்கள். வலது கை விரல்கள் நான்கும் நசுங்கின. அண்ணி அலறினார். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

போலீசிலும் அண்ணன் அதையே சொன்னார். அங்கேயும் அடி வாங்கினார். ரவுடிகளுக்கு நல்ல அரிவாள் அடித்துக் கொடுத்து ஒருவர் கையைப் போக்கியவர் என்ற பேச்சு அதிலிருந்து வந்ததுதான். சில உறவினர்களும் அதை நம்பி, விசேஷங்களுக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. அந்த நான்காவது அரிவாளின் தோய்ச்சல் என்னுடையது. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அண்ணன் அதன் பிறகு சம்மட்டி பிடிக்கவில்லை. என்னையும் அடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. கோமதி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுத் தானாகவே சம்மட்டி எடுத்தாள். தோய்ச்சல் மட்டும் கேட்டபோதெல்லாம் தட்டிக்கழித்தேன்.

சிறுநீரகம் கெட்டு, கால் வீங்கி, கடைசி மூன்று வாரம் அண்ணன் அரசு மருத்துவமனையில் இருந்தார். ஒரு நாள் கஞ்சி குடித்தபின் சொன்னார்:

"கோமதிக்குத் தோச்சல் சொல்லிக் குடும்மா."

"வேணாண்ணா. என் கையோட போவட்டும்."

"நாலாவது உன் கை வேலன்னு அன்னிக்கே தெரியும். தண்ணில சத்தம் வேற மாரி கேட்டுச்சி, அவனுங்க வந்து கேட்டப்பதான் இன்னான்னு புரிஞ்சிச்சி."

நான் அழுதேன். அண்ணன் எரிச்சலானார்.

"அழுதுகினே இருந்தா? கொற உன் மேல இல்ல. ஒழுங்கா பண்றதுக்கு அடிச்சி அடிச்சி சொல்லிக் குடுத்தேன். கெடுக்கறதுக்கு ஒரு நாளாவது சொல்லிக் குடுத்தேனா? அப்பாவும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. அவளுக்கு ரெண்டையும் சொல்லிக் குடு. ஆளப் பாத்து செய்யட்டும்."

சரி என்று நான் சொல்லவில்லை. நான்காம் நாள் விடியற்காலை அண்ணன் போய்விட்டார்.

மருத்துவமனைக்கு நேரம் பார்க்காமல் ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், மூன்று வாரம் கஞ்சி கொண்டுவந்த சிட்லபாக்கம் அக்காவுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், பேச்சு விட்டுப்போயிருந்தும் வந்து நின்ற உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடிருக்கும்.

கருமாதிக்கு ஏழுமலை அண்ணன் வந்திருந்தார். அவரிடம் நேரிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். "நாலும் ஒடஞ்சிருக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு பந்தியில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்தோம். கோமதி லாரிப் பட்டையில் ஓர் அரிவாள் அடித்தாள். எடுக்காமல் அமுக்கச் சொன்னேன். அமுக்கினாள். ஆறியதும் பட்டடைக் கல்லில் ஓங்கி அடித்தேன். உடைந்தது.