பார்க்காமல் சொன்ன ஆமென்

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் நான் கொழும்பை அடுத்த இரத்மலானைக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையில் பயணிகள் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன். தரைப்பாதை மூடிக் கிடந்தது. யாழ்ப்பாணம் போகவும் வரவும் எப்போதாவது ஒரு கப்பல். அதை விட்டால் எங்களுடையதைப் போன்ற சிறிய நிறுவனங்களின் விமானங்கள். ஓர் ஒக்டோபர் மாதம், மழை தொடங்கிய வாரத்தில், அதே பாதையில் போன வேறொரு விமானம் வந்து சேரவில்லை. கடலில் விழுந்தது என்றார்கள். சுடப்பட்டது என்றார்கள். அதன் விமானிகள் இருவரையும் எனக்குத் தெரியும். முதல்நாள் மழையில் அவர்களில் ஒருவர் என்னிடம் குடை இரவல் வாங்கிப் போயிருந்தார்.

எங்கள் நிறுவனமும் பறப்பை நிறுத்தியது. விமானிகள் எல்லோரையும் சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பினார்கள். நிலைமை சரியானால் கூப்பிடுவோம், விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார்கள். வேலை போகவில்லை, ஆனால் வேலையும் இல்லை. கண்டிக்கு அருகே குண்டசாலையில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்த வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தாறு.

வந்த மாதமே இன்னொரு துன்பம். கண்டிக்குப் போகும் பேருந்தைப் பொலிஸார் மறித்துச் சோதித்தபோது என் பணப்பையில் விமானி அனுமதிப்பத்திரம் இருந்தது. தமிழன், யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், விமானம் ஓட்டத் தெரிந்தவன். சந்தேகப்பட அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை. பொலிஸ் நிலையத்தில் ஒரு மர வாங்கில் மாலைவரை இருத்தினார்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், வயதான சிங்களவர், என் மனைவியுடன் வந்து உறுதி சொன்ன பிறகே விட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "மாஸ்டர், பிளேன் கதை வேண்டாம். டியூசன் கதை நல்லம்."

அன்றிலிருந்து நான் கணித ஆசிரியன். சீருடையை அலுமாரியின் அடித்தட்டில், போர்வைகளுக்குக் கீழே வைத்தேன். விமானப் பாதை வரைபடங்களை மனைவி எரித்தாள். வீட்டுச் சொந்தக்காரரைத் தவிர அயலில் யாருக்கும், சபையில்கூட, என் தொழில் தெரியாது. வகுப்பு நடக்கும்போது தும்பறைப் பள்ளத்தாக்கின் மேலாக ஹெலிகொப்டர் போனால் சோக்கட்டியை வைத்துவிட்டு அழிப்பானை எடுப்பேன். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி, சத்தம் ஓயும்வரை கரும்பலகையை அழித்துக்கொண்டே நிற்பேன். ஏற்கெனவே அழித்த பலகையையே திரும்பத் திரும்ப அழிப்பேன்.

நான் ஒழுங்கான மனிதன். காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்த்து, முகில் எந்த உயரம், காற்று எந்தத் திசை என்று குறித்துவைப்பது பழக்கம். இனிப் பறக்கப்போவதில்லை என்று முடிவுசெய்த பிறகும் அதை நிறுத்த முடியவில்லை. அதுதான் என் மனதை ஒடித்தது. எதற்காக எழுதுகிறேன் என்று எனக்கே தெரியாத ஒன்றை ஒவ்வொரு காலையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைகளில் பின்னேரம் எங்கள் சபையின் வீட்டு ஜெபக் கூட்டம் நடக்கும். வத்தேகமையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்த சகோதரர் தேவசகாயம் அதை நடத்துவார். ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும். மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து அதற்கு ஆமென் சொல்லவேண்டும். அதுதான் வழக்கம். நான் மட்டும் எனது விண்ணப்பத்தை வெளியே சொல்வதில்லை. "மனசுக்குள்ள வச்சிருக்கீங்க போல, சார். சரி, அவருக்குக் கேக்கும்" என்று தேவசகாயம் விட்டுவிடுவார்.

என் விண்ணப்பம் இதுதான்: ஆண்டவரே, அந்த நிறுவனம் என்னைத் திரும்பக் கூப்பிடாமல் இருக்கட்டும். கூப்பிட்டால் மறுக்கவேண்டும், மறுத்தால் நான் பயந்தவன் என்பது எனக்குத் தெரிந்துவிடும். அதனால் கூப்பிடாமலே இருக்கட்டும்.

அந்தக் கூட்டத்துக்கு ரதி அக்கா என்று ஒருவர் வருவார். யாழ்ப்பாணத்தவர். மகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வந்த இடத்தில் விமானங்கள் நின்றுவிட, திரும்பிப் போக வழியில்லாமல் வத்தேகமையில் தங்கையின் வீட்டில் இருந்தார். கணவர் யாழ்ப்பாணத்தில் தனியே. அவருக்கு இருதயத்தில் கோளாறு என்றும், கொழும்புக்கோ கண்டிக்கோ கொண்டுவந்தால்தான் சத்திரசிகிச்சை என்றும் கப்பலில் வந்த ஒருவர் மூலம் செய்தி வந்தது. நோயாளிகளுக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. ரதி அக்காவின் விண்ணப்பம் எப்போதும் ஒன்றுதான்.

"ஆண்டவரே, அந்தப் பிளேனை ஒருக்கா ஓடவிடும். அவரை ஒருக்கா என்னட்டைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்."

எல்லோரும் ஆமென் என்போம். நானும் சொல்வேன். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொல்வேன். கார்த்திகை மழை முழுவதும், மார்கழிப் பனி முழுவதும் இப்படித்தான் நடந்தது.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தொலைபேசி அடித்தது. நிறுவனத்தின் பறப்பு அலுவலகத்திலிருந்து. பறப்பைத் திரும்பத் தொடங்க அனுமதி கிடைத்திருக்கிறது. இருந்த மூன்று கப்டன்களில் ஒருவர் மாலைதீவில் வேலை எடுத்துவிட்டார், இன்னொருவர் மறுத்துவிட்டார். மிச்சம் நான். வருகிற திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். நானும் மறுத்தால் வாடகைக்கு எடுத்த விமானத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மனைவி கேட்டுக்கொண்டு நின்றாள். குசினிக்குள் போய், திரும்பி வந்தாள்.

"நீங்கள் போனா நான் தடுக்கமாட்டன். ஆனா படலை வரைக்கும் வந்து வழியனுப்பச் சொல்லி என்னைக் கேக்கவேண்டாம். அது என்னாலை ஏலாது."

"நான் போறன் எண்டு சொன்னனானே?"

"இல்லை எண்டும் சொல்லேல்லைத்தானே."

வியாழக்கிழமை பாரூக் வந்தான். என்னுடன் இரண்டாம் விமானியாகப் பறந்தவன், என்னைவிடப் பத்து வயது இளையவன். கம்பளையில் மாமனாரின் இரும்புச் சாமான் கடையில் நின்றுகொண்டிருந்தான். நனைந்த தலையோடு வந்து கதிரையில் இருந்து, கைகளை விரித்துக் காட்டினான்.

"பாருங்க கெப்டன், கையெல்லாம் துரு. நாள் முழுக்க ஆணி நிறுக்கிறேன்."

"நல்ல தொழில்தானே."

"நல்ல தொழில்தான். ஆணி விக்கிறவன யாரும் கீழ இருந்து சுட மாட்டான்." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "எனக்கும் போன் கோல் வந்திச்சு. நான் போறேன்னு சொல்லிட்டேன். ஒங்களோடன்னாதான் போறேன்னும் சொல்லிட்டேன்."

"என்னைக் கேக்காமலோ?"

"கேட்டா மாட்டேன்னுவீங்களே."

"பயமில்லையா, பாரூக்?"

"பயமில்லாம ஈக்குமா? வாப்பா அடங்கின கபுறடிக்குப் போய் துவா கேட்டுட்டு வந்தேன். பயம் அப்படியேதான் ஈக்குது."

தேநீரைக் குடித்துவிட்டு மழையிலேயே போனான். குடை கொடுக்க எழுந்தேன். ஆனால் கொடுக்கவில்லை. ஏன் என்பதை வாசிக்கிறவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

அந்த அழைப்பு வந்ததிலிருந்து மூன்று நாட்கள் முழந்தாளில் நின்றேன். ஓர் அடையாளம் தாரும் என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை. அறை அப்படியே இருந்தது, மழை பெய்தது. என் வாழ்வில் அவ்வளவு இருட்டான நாட்களை நான் கண்டதில்லை. ஆண்டவர் என்னை மறந்துவிட்டார் என்றுகூட எண்ணவில்லை. அதைவிடக் கசப்பாக, அவருக்கு என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணினேன்.

சனிக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். அன்று ஏழெட்டுப் பேர்தான். ரதி அக்கா மெலிந்துபோயிருந்தார். கணவருக்கு இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறதாம், கதிரையில் இருந்தபடியே நித்திரை கொள்கிறாராம். வழக்கமான விண்ணப்பத்தைச் சொன்னார். அதோடு நிற்கவில்லை.

"பைலட்மார் பயத்திலை வாறேல்லையாம் எண்டு சொல்லுகினம். அவையிலையும் பிழையில்லை, ஆண்டவரே. அவைக்கும் பிள்ளையள் இருக்கும். ஆரெண்டு எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும். அவையின்ரை பயத்தைத் தாங்கிக்கொள்ளும்."

எல்லோரும் ஆமென் என்றார்கள். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். விமானம் புறப்படுமுன் ஒரு விமானி ஒவ்வொரு கருவியின் பெயரையும் வாசிப்பார். மற்றவர் அந்தக் கருவியைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, 'செட்' என்று பதில் சொல்வார். அதாவது, சரியாக இருக்கிறது. நூறு முறை பறந்த பிறகு வாய் தானாகவே பதில் சொல்லத் தொடங்கும். கண் பார்க்காது, கை தொடாது. வாய் மட்டும் 'செட்' என்னும். எங்கள் தொழிலில் அதைவிட ஆபத்தான பழக்கம் கிடையாது. அதற்காக இளம் விமானிகளை நான் கடுமையாக ஏசியிருக்கிறேன்.

அதே பழக்கத்தோடு நான் மூன்று மாதங்களாக ஜெபக் கூட்டத்தில் இருந்திருக்கிறேன். அந்தப் பெண் கேட்டதைப் பார்க்காமல், தொடாமல், ஆமென் என்று பதில் சொல்லியிருக்கிறேன். வாயால் விமானம் ஓடட்டும் என்றேன். மனதுக்குள் ஓடவேண்டாம் என்றேன். இரண்டையும் ஒரே பாயில் இருந்து, ஒரே ஆண்டவரிடம் கேட்டேன். நான் அடையாளம் கேட்டு முழந்தாளில் நின்ற நாட்களுக்கெல்லாம் முன்பிருந்தே, சனிக்கிழமை தவறாமல், அந்தப் பெண்ணின் வாயால் அவர் எனக்கு வாசித்துக்கொண்டிருந்தார். பார்க்காதவன் நான்தான்.

"என்ன சார், சொகமில்லையா?" என்று தேவசகாயம் கேட்டார்.

"அண்ணை, நான் ரியூசன் மாஸ்டர் இல்லை" என்றேன். "அந்தப் பைலட்மாரிலை ஒரு ஆள் நான்."

ரதி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கையைப் பிடித்துக் கெஞ்சுவார் என்று நினைத்தேன். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

"தம்பி, உங்களுக்குப் பிள்ளையள் எத்தினை?"

"ரெண்டு, அக்கா."

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "நான் உங்களைக் கேக்கேல்லை. ஆண்டவரைத்தான் கேட்டனான். நீங்கள் எனக்காக எண்டு போகக்கூடாது. ஏதும் நடந்தா உங்கடை மனுசியின்ரை முகத்தை நான் எப்பிடிப் பாக்கிறது?"

அதன்பின் அவர் தன் விண்ணப்பத்தை இன்னொருமுறை சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவும் இல்லை. நான் கண்ணை மூடாமல், அவருடைய மெலிந்த கைகளைப் பார்த்துக்கொண்டே, ஆமென் என்றேன். அதுவே நான் உண்மையாகச் சொன்ன முதல் ஆமென்.

திங்கட்கிழமை காலை நிறுவனத்துக்குச் சம்மதம் சொன்னேன். போர்வைகளுக்குக் கீழிருந்த சீருடையை எடுத்தபோது அது ஏற்கெனவே அழுத்தி மடிக்கப்பட்டிருந்தது. அது மனைவியின் கைவேலை. நான் புறப்பட்ட நாளில் அவள் படலைக்கு வரவில்லை. ஜன்னல் சீலை மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது.

பயம் போய்விட்டது என்று சாட்சி சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் பொய் சொல்லக்கூடாது. விமானிகளுக்கான மறுபரிசோதனைகள் முடிந்து, மாசி மாதம் முதல் பறப்புக்கு விமானத்தில் ஏறியபோது என் இரண்டு கைகளும் ஆடின. பாரூக் கண்டான். காணாதவன் போலப் பட்டியலை எடுத்து வாசிக்கத் தொடங்கினான். அவன் கருவியின் பெயரைச் சொன்னான். நான் பார்த்தேன், தொட்டேன், பதில் சொன்னேன். அடுத்தது. பார்த்தேன், தொட்டேன், பதில் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்குள்ளும் ஆமென் இருந்தது. கடைசிப் பதிலைச் சொன்னபோது கைகள் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன. பயம் இருந்தது, எனக்குப் பின்னால் ஏறிய ஒரு பயணியைப் போல. ஆனால் விமானத்தை ஓட்டியது அது அல்ல. மேற்குக் கடலின் மேலாகப் போனோம். கீழே சாம்பல் நிறத்தில் தண்ணீர் மட்டும். என் நண்பர்கள் அதற்குள் எங்கேயோ இருந்தார்கள்.

மூன்றாவது பறப்பில் ரதி அக்காவின் கணவரை ஏற்றினார்கள். படுக்க முடியாதபடியால் இருக்கையில் தலையணை வைத்து இருத்தியிருந்தார்கள். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் கேட்டார். நானே எடுத்துக்கொடுத்தேன்.

கண்டியில் அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. பிழைத்தார். ஆனால் நீண்ட காலம் அல்ல. மகளின் பட்டமளிப்பைக் காணுமுன், வத்தேகமையில், மனைவியின் மடியில் தலை வைத்தபடி போய்ச் சேர்ந்தார். படுத்த நிலையில், மூச்சு முட்டாமல். அடக்கத்தில் ரதி அக்கா என்னிடம் சொன்னார்: "என்னட்டைக் கொண்டுவந்து சேர்த்துவிடும் எண்டுதானே தம்பி கேட்டனான். கேட்டதைத் தந்தவர்." அவர் அழுதுகொண்டுதான் சொன்னார். ஆனால் அதைச் சொன்னார்.

தரைப்பாதை திறக்கும்வரை நானும் பாரூக்கும் பறந்தோம். ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே ஏறினோம். ஒவ்வொரு முறையும் இறங்கினோம். இறங்காமல் போனவர்களைவிட நாங்கள் நல்லவர்களல்ல. அவர்கள் இறங்காமல் நாங்கள் மட்டும் இறங்கியது ஏன் என்று நான் ஆண்டவரிடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன். இப்போதும் காலையில் வானத்தைப் பார்த்துக் குறித்துவைக்கிறேன். அது வீண் வேலை என்று இப்போது தோன்றுவதில்லை.

இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளே, உங்கள் ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று சோர்ந்திருக்கிறீர்களா? ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். வருகிற கூட்டத்தில் பக்கத்திலிருப்பவர் தன் கண்ணீரைச் சொல்லும்போது கண்ணைத் திறந்து அவருடைய முகத்தைப் பாருங்கள். அவர் கேட்பது உங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு ஆமென் சொல்லுங்கள். பயத்தோடேயே சொல்லுங்கள். மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்பதற்கு நான் சாட்சி.