ஆன்டி நடந்த தூரம்

அந்த இடுப்புப் பட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. தீப்பெட்டி அளவில் ஒரு கருவி அதில் தைத்திருக்கும். கட்டியிருப்பவர் நடப்பது, திரும்புவது, உட்காருவது எல்லாவற்றையும் பதிந்து பெட்டாலிங் ஜெயாவிலுள்ள எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடும். முதியவர்கள் வீட்டில் எப்படி நடமாடுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. ஆன்டி திருப்பித் தந்தபோது பட்டையில் பவுடர் வாசனை இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது.

ஆன்டி ரயில்வேயில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்தபின் கிள்ளானில் மகனோடு இருந்தார். வெள்ளிக்கிழமையானால் ரயிலேறிக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போய், கோயிலைச் சுற்றி, வடை தின்று, பழைய சிநேகிதிகளோடு வம்பளந்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்தவன் கைப்பையைப் பறித்ததில் சாலையில் விழுந்துவிட்டார். அதிலிருந்து மகன் வேலைக்குப் போகும்போது கிரில் கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப் போனார். கெட்டவரில்லை; அம்மாவைத் தாங்கு தாங்கென்று தாங்குவார். கெட்டவராயிருந்தால் நானாவது ஒரு சண்டை போட்டிருப்பேன்.

பூட்டு விஷயம் எங்களுக்குத் தெரியாது. ஆய்வில் சேர்ந்தவர்களில் ஆன்டிதான் அதிகம் நடந்தார். "இந்த ஆன்டி சூப்பர் லா!" என்றார் எங்கள் மேற்பார்வையாளர். எனக்கு மட்டும் அந்தத் திரும்பல்கள் உறுத்தின. சில அடி நடை, ஒரு திரும்பல், மறுபடி சில அடி. காலையிலிருந்து மாலைவரை இதேதான். ஒரு மத்தியானம் பேட்டரி மாற்றப் போனேன். ஆன்டி கம்பிக்குள்ளிருந்து பட்டையை நீட்டினார்.

"சாவி மகன்கிட்ட இருக்கும்மா. அங்கியே நின்னு மாத்திக் குடு."

அவர் நடை கோடாக ஏறி இறங்கும் வரைபடத்தை மகனிடம் காட்டட்டுமா என்று கேட்டேன். "காட்டு, காட்டு" என்றார் ஆவலாக. சாயங்காலம் காட்டினேன். மகன் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா மிஸ், வெளிய போகாமலே எவ்ளோ நடக்கறாங்க! அம்மாவ அடைச்சி வெச்சிருக்கேன்னு ஆஸ்திரேலியாவுல இருந்து அக்கா திட்டறாங்க. இத அவங்களுக்கும் அனுப்புங்க."

ஆன்டி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து பட்டையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திரையில் கோடு தரையோடு படுத்துவிட்டது. பதறிப்போய் போன் செய்தேன்.

"நடந்தா நல்லா இருக்கேங்கறான். அதான் உக்காந்துட்டேன். எப்ப கதவ தொறக்கறான்னு பாப்போம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கோடு படுத்துவிட்டதை மகனிடம் நானே சொன்னேன். ஆடிப்போய்விட்டார். உடனே ஏதாவது செய்வதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் கோடு எழுந்தது. நீளமான நடை, திரும்பல் ஒன்றுகூட இல்லை. கதவு திறந்துவிட்டது என்று நான் துள்ளாத குறைதான். வெள்ளிக்கிழமை ஆன்டியோடு பிரிக்பீல்ட்ஸ் போகலாமென்று கிள்ளானுக்கே கிளம்பிப் போனேன்.

பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே, வாசலைப் பார்த்தபடி புத்தம்புது டிரெட்மில். அதன்மேல் ஆன்டி நடந்துகொண்டிருந்தார்.

"ஏன் ஆன்டி நடக்கறீங்க?" கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஆசையா வாங்கிட்டு வந்தான்மா. நடக்கலன்னா மனசு ஒடஞ்சிருவான்."

இறங்கிவந்து பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். இனி வேண்டாம் என்றார்.

புதிதாகச் சேருபவர்களுக்கு நல்ல முன்னேற்றத்தின் உதாரணமென்று அந்தத் திரும்பலில்லாத நடையைத்தான் எங்கள் கூடத்தில் இன்றும் காட்டுகிறார்கள். நடந்ததைச் சொன்னேன், தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். அதைக் காட்டும்போதெல்லாம் இழுப்பறையைத் திறந்து பட்டையைப் பார்ப்பேன். அந்த வீட்டிலிருந்து கம்பி இடுக்கு வழியே வெளியே வந்தது இது ஒன்றுதான்.