மெத்தைக்கு அனுமதி

எங்கள் ஊரில் மொட்டை மாடிக்கு மெத்தை என்று பெயர். வெளியூரில் போய்ச் சொன்னால் படுக்கிற பஞ்சு மெத்தை என்று நினைத்துக்கொள்வார்கள். இந்த ஒரு சொல்லால் பஞ்சாயத்து அலுவலகத்தில் நான் பட்ட பாடு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

வாப்பா மவுத்தாகி, உம்மா இத்தாவில் இருந்த நாட்கள் அவை. கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்கிற காலம். உம்மாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு மெத்தைக்குப் போய், கடலைப் பார்த்தபடி ஒரு கிளாஸ் டீ குடிக்க வேண்டும். கேட்டது அது ஒன்றுதான். சவுதியிலிருந்து வாப்பா ஊரோடு வந்து சேர்ந்த நாள் முதல் இருவரும் தினமும் அப்படித்தான் குடித்தார்கள். மழை பெய்தால் மேல்படியில் நின்றாவது குடிப்பார்கள்.

மெத்தை வீட்டுக்குள்தானே இருக்கிறது, போனால் என்ன என்று கேட்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் எங்களைவிட ஒரு மாடி உயரமாக எழுப்பி, ராமேஸ்வரம் போகிற டூரிஸ்ட்டுகளுக்கு வாடகைக்கு விடுகிறார். உச்சியில் பலகை அடித்து, நாற்காலி போட்டு, குடை வேறு விரித்து வைத்திருக்கிறார். கடல் பார்க்க ஏறுகிறவர்கள் முதலில் பார்ப்பது எங்கள் மெத்தையைத்தான். முதல் வாரம் உம்மா டீயோடு மேலே போனாள். எதிரே நாலைந்து ஆண்கள் செல்போனும் கையுமாக நின்றார்கள். முக்காட்டை இழுத்துக்கொண்டு இறங்கியவள்தான், அதன்பிறகு ஏறவேயில்லை. ஹாலில் வாப்பாவின் கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கையிலிருக்கும் டீ ஆறி ஆடை கட்டிவிடும். சோற்றைப் பாதியில் ஒதுக்கினாள். வாப்பாவோடு உம்மாவையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

நான் பொறுமைசாலி இல்லை. மறுநாளே ஆளை வரவழைத்து, மெத்தையில் இரும்புக் குழாய் நட்டு, பக்கத்திலும் மேலேயும் தகரம் அடிக்கச் சொன்னேன். பாதி வேலையில் பஞ்சாயத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. புகார் கொடுத்தது யார் என்று கேட்கவா வேண்டும்?

உடனே ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். எங்கள் மெத்தையில் மறைப்பு அமைக்க அனுமதி வேண்டும் என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். அங்கிருந்த அதிகாரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், ஊருக்குப் புதுசு. மனுவை இரண்டு தடவை படித்தார்.

"மெத்தைக்கு எதுக்குங்க மேடம் பர்மிஷன்? கொசுவலை கட்டப் போறீங்களா?"

அறையே சிரித்தது. உள்ளூர்க்காரரான கிளார்க் எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, "சார், இங்கன மெத்தைன்னா மாடி" என்றார். கெட்டது குடி! அதிகாரி மெத்தையை அடித்துவிட்டு மாடி என்று எழுதினார். மாடி என்றால் விதிப்படி இன்னொரு தளம். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இன்னொரு தளம் என்றால் அவர் கையெழுத்துப் போட முடியாதாம். ஃபைல் ராமநாதபுரம் போக வேண்டுமாம். ஆறு மாதம்கூட ஆகலாமாம்.

"எனக்கு நாலு மாசம் பத்து நாளைக்குத்தான் சார் வேணும். அதுலயும் ஒரு மாசம் போயிருச்சு. பக்கத்து வீட்டுல பலகை அடிச்சுக் கூத்தடிக்கிறாகளே, அது மட்டும் சட்டமா?"

அவர் நிதானமாகவே விளக்கினார். அது வானம் பார்த்த தளம். சுவரும் கூரையும் இல்லாததால் கணக்கில் வராது. சுற்றி மறைத்து மேலே மூடினால் அறையாகிவிடும். ஊரை எட்டிப் பார்க்க அனுமதி வேண்டாம், ஊர் கண்ணில் படாமல் ஒதுங்கி உட்கார மட்டும் அனுமதி வேண்டும், நல்லா இருக்கு உங்க நியாயம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தேன். பாவம், விதியை அவரா எழுதினார்? அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கோபத்தை வீட்டுக்கு வந்து வாப்பாவின் துணிமூட்டை மேல் காட்டினேன். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கட்டிவைத்து ஒரு மாதமாக அது மூலையிலேயே கிடந்தது.

"இதையாச்சும் இன்னைக்குக் குடுத்துவிட்ருவோம் உம்மா."

"இருக்கட்டும்" என்றாள், என்னைப் பார்க்காமலே.

அடுத்த வாரம் அதிகாரி அளவெடுக்க வந்தார். உம்மா அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள். மேலே அவர் டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு, குழாயையும் தகரத்தையும் கழற்றத்தான் வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுப் பக்கமாக ஒரு கம்பி ஓடுவதைப் பார்த்து அது என்ன என்று கேட்டார்.

"துணி காயப்போடுற கம்பி. அதையும் அவுக்கணுமோ?" என்று சுள்ளென்று விழுந்தேன்.

"ஐயோ, அதெல்லாம் கணக்குல வராதுங்க."

நாங்கள் பேசியது படிக்கட்டு வழியாகக் கீழே கேட்டிருக்கிறது. இறங்கி வந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து உம்மா கேட்டாள்.

"தம்பி, கம்பியில துணி எத்தன நாளைக்குத் தொங்கலாம்?"

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்து, "அதுக்கு விதி எதுவும் இல்லைங்கம்மா. காயற வரைக்கும் தொங்கலாமுங்க" என்றார்.

மறுநாள் விடிகாலையில், பக்கத்து மாடியில் ஆள் ஏறுமுன்பே உம்மா மூட்டையைப் பிரித்தாள். வாப்பாவின் கைலிகள் அத்தனையையும் நனைத்துப் பிழிந்து, நெருக்க நெருக்கமாகக் கம்பியில் போட்டாள். அதை ஒட்டி உட்கார்ந்தால் மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்குக் கட்டம் போட்ட கைலிதான் தெரியும். கடல் பக்கம் திறந்தே இருந்தது. அன்று அசருக்குப் பிறகு டீ கிளாஸ் காலியாகக் கீழே வந்தது. நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

அதன்பிறகு தினமும் விடிகாலையில் இதே வேலை. எல்லாவற்றையும் எடுத்து வாளியில் முக்கிப் பிழிந்து, திரும்பப் போடுவாள்.

"அழுக்கே இல்லாத துணியத் தெனம் எதுக்கு நனைக்கிறீக?"

"காஞ்சா எடுத்துரணும்ல. அந்தத் தம்பி சொன்னாருல்ல."

சட்டத்துக்கு இவ்வளவு பயப்படுகிற ஆளை நான் பார்த்ததில்லை என்று கிண்டல் செய்தேன். உம்மாவும் சிரித்தாள். ராமநாதபுரம் போன ஃபைல் மட்டும் வரவேயில்லை.

இத்தா முடிந்த அன்று அவள் வாளியைத் தொடவில்லை. வெயில் ஏறும்வரை கைலிகளை அப்படியே விட்டுவைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, மடித்து அடுக்கி, என் கையில் கொடுத்தாள்.

"குடுத்துரு."

எனக்குத்தான் மனசு வரவில்லை. ஒன்றையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன்.

"வேணாம்மா" என்றாள். "காஞ்சிருச்சு."