அக்குள் இல்லாத பனியன்

என் சித்திக்கு மூன்று பெண்கள். மூத்தவள் வாக்கப்பட்டது பெரிய இடம், நடுவுள்ளவள் வாக்கப்பட்டது தூரத்து இடம், கடைக்குட்டி வாக்கப்பட்டது ஒரு மூக்குக்கு. அவள் புருஷனின் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே உதட்டைப் பிதுக்குவார்கள். மூக்கர் என்றால் கையைப் பிடித்து வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். எனக்கு மாப்பிள்ளை முறை.

அந்த மூக்கு அப்பா வழியில் வந்ததில்லை. அப்பா வழியில் எல்லாருக்கும் பன்னிரண்டு மாதமும் சளி. தாய்மாமன் வழி. அந்த மனுஷன் அடுத்த தெருவில் பால் தீய்ந்தால் இங்கிருந்தே குரல் கொடுப்பாராம்.

மாப்பிள்ளைக்கு வேலை, உடற்பயிற்சிக்குப் போடுகிற பனியன் தயாரிக்கும் கம்பெனியில். தைக்கிற வேலை இல்லை, சாயம் போடுகிற வேலையும் இல்லை. மோந்து பார்க்கிற வேலை. சிரிக்காதீர்கள், மாதச் சம்பளமும் விடுப்பும் உண்டு. ஒரு கூடத்தில் கொஞ்சம் பேர் அந்தப் பனியன்களைப் போட்டுக்கொண்டு ஓடும் எந்திரத்தில் ஓடுவார்கள். வேர்த்ததும் உடுப்பு மாற்றும் இடத்தில் கழற்றிக் கம்பியில் மாட்டுவார்கள். கத்தரிக்கோல்காரி ஒருத்தி வந்து அக்குள் பகுதியை மட்டும் வட்டமாக வெட்டி, கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி, எண் ஒட்டுவாள். பக்கத்து அறையில் மூன்று பேர் வரிசையாகத் திறந்து மோந்து மார்க்குப் போடுவார்கள். நாற்றமே இல்லை என்றால் பூஜ்யம். தலை சுற்றினால் ஐந்து. அந்த மூவரில் நம்மவர் தலைவர்.

ஒரு குப்பிக்கும் அடுத்ததற்கும் நடுவே மூக்கைத் துடைத்து வைக்க ஒரு வழி உண்டு. தன் முழங்கை மடிப்பைத் தானே ஒரு தரம் மோந்துகொள்வது. தன் வாடை தனக்குத் தெரியாது அல்லவா, அதனால் மூக்கு சுத்தமாகிவிடுமாம்.

இன்னொரு சட்டமும் உண்டு. மோப்பக்காரர் மேல் வாடையே இருக்கக்கூடாது. அதற்காகக் கம்பெனியே தன் பனியனைக் கொடுக்கும். நூல் பிளாஸ்டிக் நூல். அதில் கிருமி சாகும் மருந்தை ஏற்றியிருப்பார்கள். கிருமி இல்லாவிட்டால் வேர்வை நாறாது என்பது கணக்கு. மாப்பிள்ளை வேலையில் பக்தி உள்ளவர். வேலைக்குப் போட்டார், வீட்டில் போட்டார், தூங்கும்போதும் போட்டார். மகள் கல்யாணத்தில் பட்டுச் சட்டைக்கு அடியிலும் அதுதான் இருந்தது.

இப்படி இருக்கையில் அவருக்கு முதுகிலும் அக்குளிலும் செக்கச்செவேல் என்று தடித்தது. சுவரில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் சுண்ணாம்பு போய்விட்டது.

"சுவத்துக்கு வெள்ளையடிக்கறதா, உங்களுக்கு மருந்து போடறதா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றாள் என் தங்கச்சி.

"சூட்டுக் கட்டிடி."

"மழை கொட்டுது, சூடு எங்கேருந்து வந்தது? அந்த எழவெடுத்த பனியனைக் கழட்டுங்க. கிருமியைக் கொல்ற மருந்து, ஆளைப் பார்த்து இது கிருமி இது மனுஷன்னு பிரிச்சா கொல்லும்?"

"படிச்சவங்க போட்ட மருந்து."

"படிச்சவங்க அதைப் போட்டுக்கிட்டுத் தூங்கறாங்களா?"

தோல் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். அந்த அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "மருந்து சேராம இருக்கலாம். சாயமா இருக்கலாம். காத்தே போகாத துணியில ராப்பகலா வேர்வை ஊறினதாலயும் இருக்கலாம். நிறைய பேருக்கு ஒண்ணும் பண்றதில்ல. உங்களுக்கு எதுன்னு பார்க்கணும்னா முதல்ல கழட்டணும். வெறும் பருத்தி போடுங்க" என்றார்.

"பருத்தி போட்டா வாடை வருமேம்மா."

"வரும். மனுஷன்னா வரும்."

இதைக் கேட்டு மாப்பிள்ளை கலங்கிப்போனார். வாடை வந்தால் மோப்ப அறைக்குள் விடமாட்டார்கள். அந்த வயதில் வேறு எந்த வேலைக்கு மூக்கை நீட்டுவது? பருத்திப் பனியனை உள்ளே போட்டு, மேலே கம்பெனி அங்கியைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, திருடன் மாதிரி வேலைக்குப் போனார். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு நாள் கம்பெனியில் அரிப்புத் தாங்காமல், உடுப்பு மாற்றும் இடத்தில் களிம்பு தடவிக்கொள்ளப் பனியனைக் கழற்றினார். தடவிய களிம்பு காயட்டும் என்று பக்கத்தில் இருந்த கம்பியில் பனியனை மாட்டிவிட்டு, வெறும் உடம்பில் அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது எந்தக் கம்பி என்று பார்க்கவில்லை. கத்தரிக்கோல்காரி பாவம், கம்பியில் இருப்பதை வெட்டுவதுதான் அவள் வேலை.

மோப்பம் நடந்தது. நாலைந்து குப்பி ஒழுங்காகப் போயிற்று. அடுத்த குப்பியைத் திறந்ததும் மற்ற இருவரில் கண்ணாடி போட்டவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். பக்கத்தில் இருந்த அம்மா, "ஐயோ, யாரு பெத்த பிள்ளையோ!" என்று ஜன்னலுக்கு ஓடினார். இருவரும் ஐந்து போட்டார்கள். மாப்பிள்ளை முழங்கை மடிப்பை மோந்தார், குப்பியை மோந்தார், திரும்ப மடிப்பு, திரும்பக் குப்பி. இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பூஜ்யம் போட்டார்.

மேனேஜர் வந்தார்.

"ரெண்டு பேருக்கு மயக்கம் வருது, உங்களுக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"சுத்தமா இருக்கு சார். மழைத்தண்ணி மாதிரி."

"மறுபடி பாருங்க."

மூக்கைக் குப்பிக்குள்ளேயே விட்டுப் பார்த்தார். பூஜ்யம்தான்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. மூக்கு போயிடுச்சு. நாளையிலேருந்து வீட்டுல இருங்க."

மாப்பிள்ளை உடுப்பு மாற்றும் இடத்துக்குப் போய்க் கம்பியில் கையை நீட்டினார். பனியனில் அக்குளுக்குப் பதில் இரண்டு பெரிய ஓட்டைகள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சொன்னால் சட்டத்தை மீறியதற்கு வேலை போகும். சொல்லாவிட்டால் மூக்கு செத்ததற்கு வேலை போகும். வேலை போவது போகட்டும், தாய்மாமன் கொடுத்த மூக்குக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்று முடிவு செய்தார். அந்தப் பனியனையே தலைவழி மாட்டிக்கொண்டு மேனேஜர் முன்னால் போய் இரண்டு கைகளையும் தூக்கி நின்றார். ஓட்டை வழியே தடிப்பெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது.

"என் மூக்கு நல்லாத்தான் இருக்கு சார். நாறினது நான்."

ஜன்னலோரத்து அம்மா, "நீங்களா? உங்களுக்குள்ள இவ்வளவு இருந்துச்சா!" என்றார்.

மேனேஜர் தலையைச் சொறிந்தார். "இந்தத் தடிப்பு நம்ம பனியனாலயா?"

"அதுன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க டாக்டரம்மா. கழட்டினப்புறம் கொஞ்சம் தேவலை. இனி அதைப் போடமாட்டேன் சார்."

"அப்போ இந்த அறைக்குள்ள உங்களை விடமுடியாதே."

"தெரியும் சார்" என்று மாப்பிள்ளை வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

அப்போது கண்ணாடிக்காரர் குறுக்கே வந்தார். "சார், ஒரு நிமிஷம். ஐந்துன்னா எப்படி இருக்கணும்னு புதுசா வர்றவங்களுக்குக் காட்ட நம்மகிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. ஓடறவங்க யாரும் மூணரையைத் தாண்டினதில்ல. இது அசல் ஐந்து சார்."

மேனேஜர் குப்பியை எடுத்து ஒரு தரம் மோந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அன்றோடு மாப்பிள்ளை மோப்பத்திலிருந்து மாறினார். இப்போது அவர் ஓடும் கூடத்தில் பருத்திப் பனியனோடு மெதுவாக நடக்கிறார். அவர் வேர்வைதான் அங்கே அளவுகோல். மற்றக் கம்பெனிகளிலிருந்தும் குப்பி கேட்டு ஆள் அனுப்புகிறார்களாம். தடிப்பும் அடங்கிவிட்டது. மருந்தா, சாயமா, பிளாஸ்டிக் நூலா என்று அவரும் கேட்கவில்லை, கம்பெனியும் சொல்லவில்லை. கம்பெனிப் பனியன் இன்னும் நன்றாகத்தான் விற்கிறது.

போன மாதம் போயிருந்தேன். என் தங்கச்சி கொடியிலிருந்து பனியன்களை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"பருத்தியை யாரும் குத்தம் சொல்லாதீங்கண்ணே. ஒரு அலசல்ல எல்லாம் போயிடும். மனுஷனைத்தான் அலச முடியல" என்றாள்.

உள்ளேயிருந்து மாப்பிள்ளை குரல் கொடுத்தார். "என்னை அலசிடாதேடி, நாளைக்கு வேலைக்குப் போகணும்!"