பேசாமலிருந்தால் சம்மதமா?

கல்யாணமாகிப் பதினாறு வருடங்கள் கழித்து, வெளிவாரிப் பட்டப்படிப்புக்காக ஐரோப்பிய தாராளவாதச் சிந்தனையின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். எல்லோரும் சேர்ந்து வாழும் கட்டுகஸ்தோட்டை வீட்டில் நான் பாடம் ஒப்பிக்கக் கேட்பவர் வாப்பா. துணிக்கடையை மூத்த மகனான என் நானாவிடம் கொடுத்துவிட்டுப் பொழுது போகாமல் இருந்த மனுஷன், என் நோட்ஸைப் பிடித்துக்கொண்டார். நான் உரலில் மாசிக் கருவாடு இடித்துக்கொண்டே ஒப்பிப்பேன். ஒரு சொல் பிசகினாலும் விடமாட்டார். அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

அன்றைய பாடம் சம்மதம். ஆளப்படுகிறவர்களின் சம்மதமில்லாமல் எந்த அரசுக்கும் அதிகாரமில்லையாம். யாரிடமும் கேட்கவில்லையே என்றால், எதிர்ப்புக் காட்டாமல் நாட்டில் வாழ்வதே மௌன சம்மதமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது என்ன நியாயம் வாப்பா? வாய் தொறக்காதவனெல்லாம் சரி எண்டு சொன்ன கணக்கா?"

வாப்பா சிரித்தார். "ஏன் மகள், நிக்காஹ்வுக்குக் கேக்கக்குள்ள பொண்ணு பேசாம இருந்தா, நாங்களும் சம்மதம் எண்டுதானே எடுக்கிற?"

என் கை உலக்கையோடு நின்றுவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை தங்கச்சிக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு ஊர் கெலிஓயா. சம்பந்தம் பேசிய நாளிலிருந்து அந்த வாயாடி வாயே திறக்கவில்லை. வெட்கம் என்று உம்மா ஊரெல்லாம் சொன்னார். நானும் தலையாட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

"அவளிட்ட கேட்டீங்களா வாப்பா?"

அவர் சிரிப்பு போய்விட்டது. நோட்ஸை வைத்துவிட்டு எழுந்து தங்கச்சியின் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன்.

"வாயால சொல்லு மகள். வாணாம் எண்டாலும் ஏசமாட்டேன்."

வாப்பா அவசரப்படுத்தாமல் நின்றார்.

"வாணாம் வாப்பா," என்று தங்கச்சி விம்மினாள். "எனக்கு அவர புடிக்கல்ல."

உம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கெலிஓயா மாப்பிள்ளை வீட்டுக்கு வாப்பாவே ஃபோனில் கோல் எடுத்தார். பிழை தன்னுடையது, மகளுடையதல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது எனக்கு.

பிறகு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒன்னிட்டயும் நான் கேக்கல்லயே மகள். கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாய்?"

என் கணவர் தங்கமான மனுஷர். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வாப்பாவிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"படிக்கணும் எண்டு சொல்லியிருப்பேன் வாப்பா."