அன்சார் நானாவின் வலது காது எப்போது போனது?

இன்று ஓய்வூதிய அலுவலகத்தில், பக்கத்துக் கதிரையில் இருந்த ஏறாவூர் அன்சார் நானாவுக்குப் அங்கவீனக் கொடுப்பனவுப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். யுத்தம் முடிந்ததும் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். வலது காது கேட்காது.

"எப்ப இருந்து நானா?"

"மாங்கேணி கேம்பில ஷெல் விழுந்த அண்டையில இருந்து, தங்கச்சி."

"அண்டைக்கே ஏன் சொல்லல்ல?"

"பக்கத்தில நிண்ட கூட்டாளி செத்துக் கிடந்தான். சுனாமி நேரம் என்னோட சேந்து, செத்த ஆக்கள்ட மையத்துகளத் தூக்கினவன். அவன வெச்சிக்கிட்டு என்ட காதப் பத்தி எப்பிடிச் சொல்ற?"

வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

"அந்தக் காதில இப்பவும் அவன் கூப்பிடுறான்."

படிவத்தைப் பார்த்த உத்தியோகத்தர், "சேவையில இருந்த நேரம் காது போனதாப் பதிவு இல்ல. விண்ணப்பிச்ச நாளில இருந்துதான் கொடுப்பனவு" என்றார்.

அதாவது, நேற்றுவரை நானாவுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டிருக்கிறது.

அந்தக் கூட்டாளியைத் தவிர வேறு சாட்சி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.