ஊரின் கடைசி நல்ல கிணறு

செய்யூர்ப் பக்கம் ஒரு கடலோர ஊரில் கிணறுகள் உப்பாகிக்கொண்டிருந்தன. எறால் வளர்க்கும் குட்டைகள் காரணமா, கடலே உள்ளே வருகிறதா? குட்டையோரக் கிணறுகளில் காரணம் எதுவானாலும் உப்புத்தான் காட்டும். குட்டைகளுக்கு எட்டாத டீக்கடை அக்காவின் கிணற்றில்தான் எது காரணம் என்று தெரியும். அங்கும் உப்பு ஏறியிருந்தால் கடல்தான். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான்; ஊர்க் கிணறுகளைச் சோதிக்க வந்திருந்தேன். அந்தக் கிணற்றை நானே தேர்ந்தெடுத்தேன்.

அக்காவுக்கு நெடிய உருவம், இரட்டை மூக்குத்தி. யார் வந்தாலும் கேட்காமலே தண்ணீர் நீட்டுவார். ஊரே அங்குதான் மொண்டது.

விவரம் சொன்னதும், "குட்டைன்னா சண்ட போட்டு மூடிக்கலாம். கடலுன்னா இன்னாம்மா பண்றது?" என்றார்.

கிணற்றிலிருந்து இறைத்த வாளிக்குள் உப்பை அளக்கும் மீட்டரை விட்டேன். எண் ஏறியது. அவர் மீட்டரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"கடலா?"

"ஆமாக்கா."

"சரி, டீ குடிச்சிட்டுப் போ."

குடித்தேன். நாக்குக்கு இன்னும் உப்புத் தெரியவில்லை.